நானூற்றுத் தொண்ணூற்றேழு நாள்

"அண்ணே, ஓடி வாங்க! தீவுல மிஷினை யாரோ போட்டிருக்காங்க!"

லிட்டியா கத்தியதில் சுவா நகர அலுவலகமே திரும்பிப் பார்த்தது. ஆளில்லாத் தீவில் கடல்மட்டம் அளக்கும் கணினி, 'ஓடிய நேரம்: இரண்டு மணி நேரம்' என்று அலுவலகத் திரையில் காட்டியது. கையால் விசையை அமுக்கினால்தான் அது ஓடத் தொடங்கும்.

"அவர் உயிரோட இருக்கார்ண்ணே!"

அவள் கணவன் ஆப்பிசாய் அதைப் பழுதுபார்க்கப் போனவன். போன வருஷம் மார்ச் ஏழாம் தேதி, கவிழ்ந்த படகு மட்டும் கிடைத்தது. வேலையை முடித்துத் திரும்பும்போது கடல் கொண்டுபோய்விட்டது என்றார்கள். அதன்பின் அந்தத் தீவில் யாரும் கால் வைக்கவில்லை.

அதிகாரி வைசாலே அவளை உட்காரவைத்தார். "அசடு மாதிரிப் பேசாதேம்மா. அதுக்கு நானூத்தித் தொண்ணூத்தேழு நாளுக்கு மேல எண்ணத் தெரியாது. மறுபடி சைபர்லேர்ந்து ஆரம்பிக்கும். இன்னைக்கு யாரும் தொடலை. கடைசியாத் தொட்டது ஆப்பிசாய்தான்."

லிட்டியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னைக்குண்ணே தொட்டார்?"

வைசாலே நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணினார். போன வருஷ மார்ச் பதிமூன்றில் விரல் நின்றது. மறுபடி எண்ணினார். பதிமூன்றுதான்.

தேடியது போதும், ஆப்பிசாய் இறந்துவிட்டான் என்று அவர் கையெழுத்துப் போட்டது ஒன்பதாம் தேதி.

"அப்போ பதிமூணாந் தேதி அவர் நம்மளத்தான் கூப்பிட்டிருக்கார். திரையைப் பார்க்காம நாம எங்கண்ணே போனோம்?"

"ஆபீசைப் பூட்டிட்டு, எல்லாரும் உன் வீட்டுக்குத்தாம்மா வந்தோம். அவனோட நாலாம் நாள் காரியத்துக்கு."