மருந்துச் சட்டை

சிக்கல் ஊரிலிருந்து கடலாடி வரைக்கும் சுகர் வர முடியாத உடம்பு ஒன்றே ஒன்றுதான். அது பாண்டித்துரையுடையது.

இதை அவரே சொன்னார். காலைத் தெளிப்பை முடித்துவிட்டு, மிளகாய்க் காட்டு வரப்பில் காலித் தொட்டியை இறக்கிவைத்து, கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார்.

ஆதாரமும் வைத்திருந்தார். பதினெட்டு வருஷமாக ஊருக்கே பூச்சிமருந்து அடிக்கிறவர். அடித்ததில் செடிக்குப் போனது போக மிச்சமெல்லாம் அவருக்கு. அவரைக் கடித்த கொசு நாலடி தாண்டாது. புழுப்பூச்சியே அண்டாத உடம்பில் சுகர் எங்கே போய்த் தங்கும்?

"அப்ப ஒங்களையே தொட்டியில ஊத்தி அடிச்சிரலாமே மாமா," என்றாள் களையெடுக்க வந்த ஒருத்தி, பிளாஸ்டிக் பையிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டே.

சிரித்தார்களே தவிர யாரும் மறுத்துப் பேசவில்லை. ஏனென்றால் ஆள் அப்படி. காற்று நாலு திசைக்குத் திரும்பினாலும் அவர் தெளிப்பு திரும்பாது. இலைக்கு அடியில் பதுங்கிய இலைப்பேனுக்கும் அவரிடம் தப்ப வழி கிடையாது. முகத்துக்குத் துணி கட்ட மாட்டார். கைக்கு உறை மாட்ட மாட்டார். ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

முருகலட்சுமி வந்தது அந்த நேரத்தில்தான். ஆஸ்பத்திரி வேலையாக வீடு வீடாகப் போய் சுகர் பார்க்கிறவள். வீடு பூட்டியிருந்தால் காட்டுக்கே வந்துவிடுவாள். அன்றைக்கு அவள் தேடி வந்தது களைக்கு வந்திருந்த பாண்டித்துரையின் சம்சாரம் சுகந்தியை. சுகந்திக்குக் காலில் கருவேல முள் ஏறி ரெண்டு மாதமாகிறது, புண் ஆறவில்லை. தண்ணீர்க் குடத்தை விட்டு நகர முடியாத தாகம் வேறு.

"அவளுக்கு எதுக்கு தாயி? என் மருந்துச் சட்டைய வெறுங்கையில தொவைக்கிறவ. அந்தத் தண்ணியில ஊறுன ஒடம்பு. நான் அடிக்கிறது அவளுக்கும் சேத்துத்தான்."

பக்கத்துக் காட்டு நாகேந்திரன் மட்டும் இதற்குச் சிரிக்கவில்லை. அவன் மருந்தடித்தால் தன் சட்டையைத் தானே அலசிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். அதற்காக அவனுக்குப் பாண்டித்துரை வைத்த பெயர் நாகேஸ்வரி.

முருகலட்சுமி வாதாடவில்லை. வாதாடினால் ஊருக்குள் ஒரு விரல்கூடக் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"சரிண்ணே, மொதல்ல ஒங்க கையவே குடுங்க. மருந்து எதும் எடுக்குறீகளா?"

"வாரம் மூணு நாளு. நாளுக்குப் பதினஞ்சு டேங்கு."

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்து, துடைத்து, விரலைக் குத்தி, சுகர் மிஷினில் ரத்தம் வைத்தாள்.

நூற்றி நாலு.

பாண்டித்துரை எழுந்து நின்று மிஷினைக் காட்டுக்கே உயர்த்திக் காட்டினார்.

அப்புறம் சுகந்தியும் கையைக் கழுவிவிட்டு வந்து நீட்டினாள். தோல் உரிந்து வெடித்த விரல்கள். மூன்றாவது விரலில்தான் ரத்தம் வந்தது.

முன்னூற்றி அறுபத்தெட்டு.

பாண்டித்துரை மிஷினைத் தட்டிப் பார்த்தார். இன்னொரு தரம் எடுக்கச் சொன்னார். முகம் சுளிக்காமல் எடுத்தாள்.

முன்னூற்றி எழுபத்தொன்று.

களையெடுக்கிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"என் சட்டைதானா தாயி?"

"அத மட்டும் சொல்ல முடியாதுண்ணே. மூணு வேளையும் வெறுஞ்சோறு. பிளாஸ்டிக் பையில கொதிக்கக் கொதிக்க டீ, அதுல அள்ளிப் போட்ட சீனி. அவுக அம்மாவுக்கும் சுகர் இருந்துச்சு. மருந்தும் சேந்திருக்கலாம்னு சொல்றாக. இதுல ஒங்க பங்கு எம்புட்டுன்னு இந்த மிஷினு சொல்லாது."

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போகச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். கால் புண்ணைக் கட்டாயம் காட்டணும் என்று ரெண்டு தரம் சொன்னாள். சுகந்தி அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அழவில்லை. தினமும் இந்நேரத்துக்கு நீட்டுகிற மாதிரி அவர் பக்கம் கையை நீட்டினாள், சட்டைக்கு.

அவர் கொடுக்கவில்லை.

கழற்றிய சட்டையோடு வரப்பைத் தாண்டினார். போர்வெல் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பின்னால் நாகேந்திரன் வந்து நின்றது நிழலில் தெரிந்தது.

"ஏலே, சோப்பு வச்சிருந்தாக் குடு," என்றார் திரும்பாமல். "எனக்குப் பேர நானே வச்சுக்கிறேன்."

உப்புத் தண்ணீரில் நுரை வரவே இல்லை. அவர் விடுவதாகவும் இல்லை.