பட்ட மரம்

"என்னங்க, அந்தப் பிளம் மரம் இன்னும் துளிர்க்கவே இல்லையே?"

சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்ததும், டிரைவர் கையிலிருந்த மண்வெட்டி நழுவிக் கால் கட்டைவிரலில் விழுந்தது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, "ஐயோ" என்று கத்தக்கூட முடியவில்லை.

"துளிர்க்கும், துளிர்க்கும். குளிர் இன்னும் முழுசா விடலையே. நீ அந்தப் பக்கம் போகாதே, ஒரே சேறு."

"பக்கத்து வீட்டு மரமெல்லாம் மொட்டு விட்டாச்சு."

"அவங்க மரத்துக்கு அவசரம். நமக்கென்ன?"

"இதுவும் பட்டுப் போச்சுன்னா என்ன செய்ய முடியும், விடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அந்தப் பெருந்தன்மைதான் மனுஷனைக் கொன்றது.

ஆயுசெல்லாம் லாரி ஓட்டிவிட்டு, போன இலையுதிர் காலத்தில்தான் ஓய்வு பெற்று வீட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார். வீட்டைச் சுற்றித் தோட்டம், கோழிக்கூடு, கொல்லையில் இரண்டு பிளம் மரங்கள். அதில் ஒன்று கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த கன்று. எது என்று கேட்டால் டிரைவர் முழிப்பார். அந்த மரத்து ஜாம் மட்டும் அவருக்குத் தெரியும். வருஷா வருஷம் பாட்டில் பாட்டிலாக லாரியில் ஏறும். "எங்க மாமனார் குடுத்த மரமாக்கும்!" என்று வழியெல்லாம் பெருமை அடிப்பார்.

கடுங்குளிரில், இரண்டு மரமும் மொட்டையாக நின்ற சமயம், மனைவி ஜன்னல் வழியாகக் கரண்டியை நீட்டினாள். "அதோ, அதுதாங்க கோடையிலேயே பட்டுப் போச்சு. வெட்டிடுங்க." இவரும் எல்லாம் தெரிந்தவர் மாதிரி தலையாட்டிவிட்டு ரம்பத்தைத் தூக்கினார்.

பாதி அறுத்த பிறகுதான் பார்த்தார். பட்டைக்கு அடியில் பச்சை. மரத்தூள் ஈரமாகக் கையில் ஒட்டியது. அவள் ஒன்றைக் காட்ட, நான் இன்னொன்றை வெட்டித் தொலைத்துவிட்டேனே! அப்பா கொடுத்த மரத்தைப் போய் வெட்டச் சொல்வாளா அவள்? மாமனாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா நினைவாக அவளுக்கு மிச்சமிருந்தது அந்த மரம் ஒன்றுதான். எந்த வாயால் போய்ச் சொல்வது?

சொல்லவில்லை. விழுந்த மரத்திலிருந்து நல்ல குச்சிகளாக நறுக்கி ஈரச் சாக்கில் சுற்றினார். நர்சரிக்காரரிடம் போய் ஒட்டுக் கட்டக் கற்றுக்கொண்டு, காட்டுப் பிளம் கன்றுகளும் வாங்கி வந்து, கோழிக்கூட்டுக்குப் பின்னால் மறைவாக வைத்து ஒட்டுக் கட்டினார். நிற்பது பட்ட மரம் என்று அவளுக்குத் தெரிவதற்குள் கன்றுகள் துளிர்த்தாக வேண்டும். அன்று போன நிம்மதி இன்னும் திரும்பவில்லை.

வசந்தம் நெருங்க நெருங்க, மனைவி வேலைமேல் வேலை வைத்தாள். பாத்தியைக் கொத்துங்க, எருவைப் போடுங்க, வேலியைக் கட்டுங்க, மழைத்தண்ணி டிரம்மைக் கழுவுங்க. டிரைவர் எதையும் முழுசாகச் செய்யவில்லை. நாலு கொத்துக் கொத்துவார், கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஓடுவார். நகத்தால் பட்டையைக் கீறிப் பார்ப்பார். திரும்பி வருவார்.

"அங்கே அப்படி என்னதான் இருக்கு? கோழிகூட இத்தனை தடவை போகலை!"

"கூட்டுக்குக் காத்து அடிக்குதான்னு பார்த்தேன்."

"நல்லாப் பார்த்தீங்க. வெட்டின இடம் சும்மாத்தானே கிடக்கு? அங்கே பூசணி போடலாம்னு இருக்கேன். குழி எடுத்து வையுங்க."

அப்பா கொடுத்த மரம் நின்ற இடம் என்று தெரியாமல், பாவி மகள், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே விதை பொறுக்குகிறாளே! டிரைவருக்கு அழுகையே வந்துவிட்டது. குழியை எடுத்தார்.

மறுநாள் காலை கன்றுகளைப் பார்த்தவர் அங்கேயே குந்திவிட்டார். கட்டின இடத்துக்கு மேலே, கடுகளவு பச்சை. ஒன்றில் இல்லை, அத்தனையிலும்!

அதே நேரம் கொல்லையில் 'படக்'கென்று ஒரு சத்தம். ஓடினார். மனைவி பிளம் மரத்தடியில் ஒடிந்த கிளையோடு நின்றாள்.

"சுள்ளியாக் காஞ்சிருக்குங்க. இதுவும் போச்சு" என்றாள் மெதுவாக.

இதற்குமேல் டிரைவரால் தாங்க முடியவில்லை.

"இது போகலைடி, இதுதான் முதல்லயே பட்ட மரம். நான்தான் மாத்தி வெட்டிட்டேன். உங்கப்பா மரத்தை வெட்டின பாவி நான்தான்! என்னை எது வேணா சொல்லு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது அவருக்கு.

"வா, வந்து பாரு" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கோழிக்கூட்டுக்குப் பின்னால் வரிசையாக ஒன்பது கன்றுகள்.

"எல்லாம் உங்கப்பா மரத்துக் குச்சிதான். ஒண்ணுகூடப் பழுது போகலை. ஒரு மரம் போனதுக்கு ஒன்பது மரம்! இப்பவாவது மன்னிப்பியா?"

அவள் கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அட, அழாதே. சந்தோஷப்பட வேண்டிய நேரத்துல..."

"நீங்க மாத்தி வெட்டலைங்க" என்றாள் அவள் கன்றுகளையே பார்த்தபடி. "பட்டுப் போச்சுன்னு பொய் சொல்லி நான் காட்டினதே அந்த மரத்தைத்தான். இது இந்தக் குளிர்லதான் போச்சு. அந்தப் புளிச்ச பழத்துல ஜாம் கிளறிக் கிளறி என் தோளே போச்சு, நீங்க தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடுறதைப் பார்த்து வாயைத் திறக்க முடியலை. ஒண்ணைத் தொலைச்சுட்டேன்னு நிம்மதியா இருந்தேனே, இப்போ ஒன்பதுக்கு நான் எங்கேங்க போவேன்?"