அனுமதிப் பட்டியல்

"பெத்த தாய் முகத்தைப் பார்க்க உன்கிட்ட அனுமதி வாங்கணுமாய்யா?"

மகன் கத்திய கத்தலில், முதியோர் இல்லத்தின் கம்ப்யூட்டர்காரர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார்.

"சார், இங்கே எடுக்கிற போட்டோவையெல்லாம் புது சர்வருக்கு மாத்தினோம். கண்ட கண்ட வெப்சைட்டும் எடுத்துப் போட்டுக்கக் கூடாதுன்னு பூட்டினோம். அம்மா படம் தெரியறதுக்காக நீங்க வச்சிருக்கிற சொந்த சைட்டும் அதுல மாட்டிக்கிச்சு."

"நாலு நாளா அம்மா படம் வர்ற இடத்துல வெறும் கட்டம்தான் தெரியுது! தினம் காலைல அந்த முகத்தைப் பார்த்துட்டுத்தான் நான் வேலையையே தொடங்குவேன், தெரியுமா?"

கம்ப்யூட்டர்காரருக்குச் சுருக்கென்றது. மூணு வருஷமா எட்டிப் பார்க்காத மகன் என்று இல்லத்தில் எல்லோரும் பேசும்போது, இவரும் சேர்ந்துகொண்டு நாலு வார்த்தை கூடவே பேசியிருக்கிறார்.

"அஞ்சே நிமிஷம் சார். லைன்லயே இருங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நர்ஸிடம் சொல்லி அம்மாவை வரவழைத்தார்.

"உங்க படம் தெரியலைன்னு உங்க பையன் என்னை உண்டு இல்லைன்னு பண்றாரும்மா. சரிபண்ணிட்டு நீங்களே பேசுங்க."

"எனக்காகவா சண்டை போடறான்?" என்று கிசுகிசுத்த அம்மாவுக்கு முகமெல்லாம் பல். வாக்கரை ஓரமாக நிறுத்திவிட்டு, திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

படம் எடுக்க அனுமதி உள்ள சைட்டுகளின் பட்டியலில் மகனுடைய சைட்டின் பெயரைச் சேர்த்தார் கம்ப்யூட்டர்காரர். அந்தப் பக்கத்தைத் தானும் திறந்தார். வெறும் கட்டம் போய், படம் வந்தது.

"இப்போ பாருங்க சார்!"

அம்மா குனிந்து பார்த்தார்.

"தம்பி," என்றார் மெதுவாக, "இது நான் இல்லையே. ஆறாம் நம்பர் ரூம் அக்காதானே?"

கம்ப்யூட்டர்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். சர்வர் மாற்றும்போது இரண்டு படங்களின் பெயர்கள் இடம் மாறிவிட்டிருந்தன.

"சார், ஒரு நிமிஷம், அது வந்து..."

"ஆங், வந்துடுச்சு!" மகனின் குரல் தழுதழுத்தது. "அம்மா பளிச்சுனு இருக்காங்க. கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கு, அவ்வளவுதான். இந்த முகத்தைப் பார்த்தப்புறம்தான்யா எனக்கு உயிரே வந்தது. சரி, மீட்டிங் இருக்கு."

போன் துண்டானது.

கம்ப்யூட்டர்காரர் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

அம்மாதான் முதலில் பேசினார்.

"கண்ணாடி போட்டிருக்க மாட்டான், தம்பி."