சுவருக்கு அந்தப் பக்கம்

தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில், நடுச்சுவரில் காதை வைத்தே காலம் தள்ளும் அஞ்சலை, பக்கத்து வீட்டுக்குப் படையெடுத்தாள்.

"தேவிகா, ஒம் மகன் கிட்டார் சத்தம் இனிமே கேட்டுச்சுன்னா, தோட்டத் தலைவர்கிட்ட சொல்லி அதத் தூக்கி வீசச் சொல்லிருவேன்!"

"இனி கேக்காதுக்கா," என்றாள் தேவிகா, பயந்துபோய்.

மறுநாளே ஆம்ப்ளிஃபயர் பெட்டி போய், அதே ஓசையைத் தரும் மென்பொருள் வீட்டுக் கணினியில் ஏறியது. கிட்டார் ஹெட்போனுக்குள் அடங்கியது.

அஞ்சலைக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு சாயங்காலம் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

மகன் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான். கணினி முன்னால், ஹெட்போனும் கையில் கிட்டாருமாய் தேவிகா!

"ஐயோ, சத்தம் கேட்டுச்சாக்கா?" என்று பதறினாள்.

"கேக்கலையேன்னுதான்டி வந்தேன். கொண்டா அத!"

லயம் முழுக்கப் பரவவேண்டிய சேதி, ஹெட்போனை மாட்டிய அஞ்சலையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.