அண்ணன் முளைக்கவைத்த கால்

சர்க்கரை வியாதியில் கறுத்துப்போன என் வலது காலை வெட்டாமல் காப்பாற்றியது, என் அண்ணன் அய்யம்பெருமாளிடம் எடுத்து ஆய்வகத்தில் வளர்க்கும் செல்கள் கசியவிடும் சாறு. மாதம் ஓர் ஊசி. புது ரத்தக்குழாய்கள் முளைத்துவிட்டன. அன்றிலிருந்து அண்ணன், வருகிறவர்களுக்கெல்லாம் என் வேட்டியை விலக்கி, கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் கெண்டைக்காலை அமுக்கிக் காட்டுகிறார். நான் வேட்டியை இழுத்து மூடிக்கொள்கிறேன்.

தங்கை மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்காரவைக்க வேண்டும். அண்ணனுக்கும் தங்கைக்கும் பத்து வருடமாகப் பேச்சில்லை.

“நீ தாராளமாப் போ தம்பி. என் கால் மட்டும் அவ வீட்டை மிதிக்கக் கூடாது.”

“இது என் காலுண்ணே.”

“அப்போ அடுத்த மாச ஊசிக்கும் உன் செல்லையே கேட்டுக்கோ.”

தங்கை வீட்டுக்குள் வலது காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியடித்தே நுழைந்தேன். காலை வெட்டியிருந்தாலும் இப்படித்தான் நுழைந்திருப்பேன். என் வேட்டியை விலக்கத்தான் எவரும் வந்திருக்க மாட்டார்.