பிரெஞ்சுக்காரன் தலையாட்டினான்

"கொடுத்த பெனால்டியை எவனாவது வேண்டாம்னு சொல்லுவானா?"

கிளப் தலைவர் ஸ்டான்செவ் உடைமாற்றும் அறைக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்தார்.

மூலையில் எர்வான் சேற்றுக் காலோடு உட்கார்ந்திருந்தான். பிரான்சில் நான்காம் டிவிஷன், பிறகு லக்சம்பர்க், பிறகு மால்டா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஆடியவன். போன குளிர்காலத்தில்தான் இந்தப் பல்கேரிய ஊருக்கு வந்து சேர்ந்தான். இந்த ஊரும் விரட்டிவிட்டால் போக இன்னொரு ஊர் இல்லை.

"எதிரணி உனக்கு என்னடா வாங்கிக் கொடுத்தாங்க?" என்றார் ஸ்டான்செவ்.

எர்வான் வாயைத் திறந்தான். தெரிந்த பல்கேரியச் சொற்களைத் தேடினான்.

கேப்டன் கலின் இன்னும் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. அவன் கோல்கீப்பர். மைதானத்தின் மறுகோடியில் நின்று பார்த்ததுதான். கடைசி நிமிடம், ஒரு கோல் போட்டால் இரண்டாம் டிவிஷனில் தங்கலாம், இல்லையென்றால் கீழே இறங்க வேண்டியதுதான். எர்வான் பந்தோடு எதிரணி கோலுக்கு முன்னால் விழுந்தான். ரெஃப்ரீ பெனால்டி என்று கைகாட்டினார். எதிரணி ஆள் "நான் தொடவே இல்லை" என்று கெஞ்சினான். ரெஃப்ரீ எர்வானிடமே கேட்டார்.

"உன்னைத் தொட்டானா?"

எர்வான் தலையை மேலும் கீழும் ஆட்டினான்.

ரெஃப்ரீ அவன் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு, பெனால்டியை ரத்து செய்துவிட்டார். அரங்கமே திகைத்துப் போய் நின்றது. ஆட்டம் அப்படியே முடிந்தது.

இப்போது வாசலில் கூட்டம் இரும்புக் கதவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. "துரோகியை வெளியே அனுப்பு!"

கலினுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது.

"தலைவரே, கொஞ்சம் நில்லுங்க. இவன் பிரெஞ்சுக்காரன்."

"அதுக்கென்ன?"

"நமக்கு மேலும் கீழும் ஆட்டினா 'இல்லை'. பக்கவாட்டுல ஆட்டினா 'ஆமாம்'. அவங்க ஊர்ல அப்படியே தலைகீழ். இவன் 'ஆமாம், தொட்டான்'னு சொல்லியிருக்கான். ரெஃப்ரீ நம்ம நாட்டு ஆளு, 'இல்லை'ன்னு எடுத்துக்கிட்டாரு."

ஸ்டான்செவ் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"என் பெரியப்பா பையன் இப்படித்தான் மாட்டினான்," என்றான் ஆட்டக்காரன் ஒருவன். "ஜெர்மனியில ஒரு பொண்ணு 'கட்டிக்கிறியா'ன்னு கேட்டிருக்கா. இவன் மாட்டேன்னு தலையாட்டியிருக்கான். இப்ப ரெண்டு குழந்தை."

தோற்றதற்கு அழுதுகொண்டிருந்த ஆட்டக்காரன்கூடச் சிரித்துவிட்டான்.

எர்வான் எழுந்து, "கலின், நான்..." என்றான்.

"நீ பேசாம இருடா. நான் பார்த்துக்கிறேன்."

கலின் வாசலுக்குப் போய்க் கூட்டத்திடமும் அதையே சொன்னான். சத்தம் அடங்கியது. "பாவம்டா, பாஷை தெரியாத பையன்" என்றார்கள். அடுத்த நொடி யாரோ, "அப்ப அந்த ரெஃப்ரீ எங்கே?" என்றான்.

ரெஃப்ரீயின் கார் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தது. ஒரு கல் பறந்தது. பின் கண்ணாடி நொறுங்கிய சத்தம் உள்ளே வரை கேட்டது.

கலினுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் தப்பு ரெஃப்ரீயுடையதுதானே. வெளிநாட்டுக்காரன் என்று தெரிந்து கேட்டிருக்க வேண்டாமா?

"பையன் அடுத்த வருஷமும் இருக்கட்டும்," என்றார் ஸ்டான்செவ் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவன் மேல தப்பில்லை."

கலின் அவனைப் பின்வாசல் வழியாகத் தன் காரில் ஏற்றிக்கொண்டான். எர்வான் வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"எனக்கு மட்டும் சொல்லு," என்றான் கலின். "அவன் உன்னைத் தொட்டான்தானே?"

எர்வான் திரும்பி அவனை நேராகப் பார்த்து, மேலும் கீழும் தலையாட்டினான்.

கலினுக்கு நிம்மதியாக இருந்தது. தான் சொன்னது சரிதான்.

வீட்டில் கலின் மனைவி ரலிட்சா விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். "முதல்ல சாப்பிடுங்க. தோத்ததை அப்புறம் பேசலாம்."

சீஸ் வைத்துச் சுட்ட பனிட்சா என்ற அடுக்கு ரொட்டி அடுப்பிலிருந்து மேசைக்கு வந்தது. சீஸ் வாசனை அறையெல்லாம் பரவியது.

"உனக்கு வைக்கவா தம்பி?"

எர்வான் தலையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே தட்டை நீட்டினான். அவள் ஒரு பெரிய துண்டு வைத்தாள். தயிரைக் குடித்துக்கொண்டிருந்த கலின் அதைக் கவனிக்கவில்லை.

துண்டு முடிந்ததும், "இன்னொண்ணு?" என்றாள்.

எர்வான் தட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, தலையை மேலும் கீழும் ஆட்டினான்.

ரலிட்சா, "சரி சரி, போதுமா" என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

கலினின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. தட்டை மூடிய கையைப் பார்த்தான். காரில் கிடைத்த பதிலை நினைத்தான். மைதானத்தில் ஆட்டிய தலையை நினைத்தான். கண்ணாடி நொறுங்கிய சத்தம் மறுபடி காதில் விழுந்தது.

"எர்வான்," என்றான். டம்ளரைக் கீழே வைத்தான். "எங்க ஊர்த் தலையாட்டல் உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

எர்வான் தெரிந்த சொற்களைக் கூட்டி மெதுவாகச் சொன்னான்.

"வந்த முதல் நாள். பேக்கரி அம்மா, ரொட்டி வேணுமான்னு கேட்டாங்க. நான் மேலும் கீழும் ஆட்டினேன். அன்னைக்கு ராத்திரி பட்டினி."