அண்ணியாக நடித்தவர்

மாலை வெயில் சாப்பாட்டு மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. புதிதாக வந்திருக்கும் ஒரு தொடருக்கு மடிக்கணினியில் விமர்சனம் எழுதிக்கொண்டிருக்கிறார் அவர். கண் எரிகிறது, டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. கதை அரைத்த மாவு என்று எழுதியாயிற்று, கதாநாயகி அழுதால் நமக்குக் கொட்டாவி வருகிறது என்றும் எழுதியாயிற்று. அண்ணியாக நடித்தவரிடம் வந்ததும் விரல்கள் நின்றுவிடுகின்றன. அந்த அண்ணி அவருடைய மனைவி. படப்பிடிப்பிலிருந்து திரும்பிய களைப்போடு எதிரே உட்கார்ந்து, எண்ணெய் தொட்ட பஞ்சால் மேக்கப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பஞ்சு பழுப்பாக ஆக, கண்ணுக்குக் கீழே கருவளையம் மெல்ல வெளியே வருகிறது.

“என்னைப் பத்தி எழுதியாச்சா?”

“விட்டுடலாம்னு பாக்குறேன். பாராட்டினா, பொண்டாட்டிக்கு ஜால்ரா போடுறான்னு சொல்லுவாங்க.”

“பாராட்டுற மாதிரியா இருந்துது?”

“அழுற இடத்துல கொஞ்சம் அதிகமாப் பண்ணிட்ட” என்கிறார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் இன்னொரு பஞ்சைக் கிள்ளி எடுக்கிறாள். “அதையே எழுதுங்க. இத்தனை வருஷத்துல, திட்டுறதுக்குக்கூட எவனும் என் பேரை எழுதினதில்ல.”

அவர் அவளுடைய பெயரைத் தட்டச்சு செய்கிறார். அவள் எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறாள்.

“இனிஷியலையும் போடுங்க. வேற யாரோன்னு நினைச்சுக்கப் போறாங்க.”